பாட்டிலின் கழுத்தைப் பிடித்த கதை: வீட்டில் செய்த கிரிப்பருடன் இரண்டரை ஆண்டுகள்

என் ரோபோக் கையின் நுனியில் பாட்டிலைப் பிடிக்கும் இடுக்கி, அதாவது கிரிப்பர், இதுவரை 41 பாட்டில்களைக் கீழே போட்டிருக்கிறது. அவற்றில் 33, முதல் நான்கு மாதங்களுக்குள் விழுந்தவை. மொத்தம் எத்தனை பாட்டில்களைத் தூக்கியிருக்கிறது என்று எண்ணும் ஒரு வரியை நிரலில் எழுதி வைத்திருக்கிறேன். அது 22,000-ஐ நெருங்கிக்கொண்டிருக்கிறது. ரோபோக் கை செய்தவர்கள் முதல் நாள் எடுத்த காணொளியைத்தான் எல்லோரிடமும் காட்டுவார்கள். நானும் காட்டினேன். மறுநாளே இரண்டு பாட்டில்கள் உடைந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

கோவை கணபதியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை. அங்கே என் மனைவி செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை போட்டுத் தேங்காய் எண்ணெயில் தைலம் காய்ச்சி விற்கிறார். வாரத்துக்கு ஏறக்குறைய 200 பாட்டில்கள். எல்லாம் 100 மில்லி கண்ணாடி பாட்டில்கள். எண்ணெய் நிரம்பினால் எடை 200 கிராம். காலி பாட்டிலை அடுக்கிலிருந்து எடுத்துக் குழாயின் கீழ் வைப்பது, நிரம்பியதும் எடுத்து மறு தட்டில் வைப்பது, இவ்வளவுதான் ரோபோவின் வேலை. கையை நான் செய்யவில்லை. ஐந்து சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) கொண்ட ஒரு கையைப் பாகங்களாக வாங்கிப் பூட்டினேன். அதனுடன் வந்த அலுமினிய இடுக்கிதான் ஒன்றுக்கும் உதவவில்லை. அது கத்தரிக்கோல்போல் சாய்ந்து மூடும். உருண்டையான பாட்டிலை அப்படிப் பிடித்தால், விரல் நடுவில் எலுமிச்சை விதை பிதுங்குவதைப்போல் முன்னால் பிதுங்கிக்கொண்டு ஓடும்.

ஆகவே முதல் வடிவத்தில் விரல்கள் இணையாகவே மூடும்படி வரைந்தேன். ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு சம நீளக் கம்பிகள், அவை சேர்ந்து ஓர் இணைகரம். நடுவில் இரண்டு கியர்கள், அவற்றை இயக்க ஓர் எம்ஜி996ஆர் சர்வோ. விரல் நுனியில் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினேன். 3டி பிரிண்டரில் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட ஆறு மணி நேரம் ஆனது. காலி பாட்டிலை அழகாகத் தூக்கியது. தண்ணீர் நிரப்பிய பாட்டிலையும் தூக்கியது. எண்ணெய் நிரப்பியதைத் தூக்கி, பாதி வழியில் கை திரும்பும்போது, பாட்டில் மெல்ல, மிக மெல்ல, மின்தூக்கி இறங்குவதுபோல விரல்களுக்கிடையே கீழிறங்கிப் போனது. கையை நீட்டிப் பிடிக்க எனக்கு நேரம் இருந்தது. ஆனால் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

கணக்குப் போட்டபோது காரணம் புரிந்தது. 200 கிராம் பாட்டிலை இரண்டு விரல்களும் உராய்வால் மட்டுமே தாங்குகின்றன. உலர்ந்த ரப்பருக்கும் கண்ணாடிக்கும் உராய்வுக் கெழு (வழுக்காமல் பிடிக்கும் தன்மையின் அளவு) 0.6 என்று வைத்தால், ஒவ்வொரு விரலும் 167 கிராம் அழுத்தினால் போதும். எண்ணெய் பட்டு அது 0.1-க்கு இறங்கினால் அதே பாட்டிலுக்கு ஒரு கிலோ தேவை. அந்த சர்வோவின் உச்ச முறுக்கு விசை 4.8 வோல்ட்டில் 9.4 கிலோ-செ.மீ., அதாவது அச்சிலிருந்து ஒரு செ.மீ. தூரத்தில் 9.4 கிலோ. என் விரல் நீளம் 5 செ.மீ.; விசை இரண்டு விரல்களுக்கும் பங்காகிறது. ஆளுக்கு 0.94 கிலோ. அதுவும் மோட்டார் அசையாமல் முட்டிக்கொண்டு நிற்கும்போது கிடைக்கும் அளவு. ஒரு சொட்டு எண்ணெய் விளிம்பில் வழிந்தால் கணக்கு தோற்றுவிடும்.

இந்த இடத்தில் புத்திசாலி ஒருவர் நின்று யோசித்திருப்பார். நான் மின்னழுத்தத்தை 6 வோல்ட்டாக ஏற்றினேன். முறுக்கு விசை 11 ஆனது. முட்டி நிற்கும்போது சர்வோ குடிக்கும் மின்னோட்டமும் 2.5 ஆம்பியர் வரை போனது. சர்வோவுக்குத் தன் முன்னால் பாட்டில் இருப்பது தெரியாது. போகச் சொன்ன கோணத்தை எட்டும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும், எட்டவில்லையென்றால் எரியும்வரை தள்ளும். சித்திரை மாத மதியம், தகரக் கொட்டகை, சூடான மோட்டார். பி.எல்.ஏ. 60 டிகிரியில் இளகத் தொடங்கும் பொருள். மோட்டாரைத் தாங்கிய சட்டம் வெல்லப்பாகுபோல் வளைந்து, திருகுகள் துளையோடு நழுவிவிட்டன. மூன்றாம் நாள் மோட்டாரிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. சட்டத்தை பி.இ.டி.ஜி. இழையில் மறுபடி அச்சிட்டேன். அது 80 டிகிரி வரை தாங்கும். இரண்டரை ஆண்டுகளில் ஒரு முறைகூட இளகவில்லை. நம் ஊர் வெயிலில், மோட்டாரைத் தொடும் எந்தப் பாகத்துக்கும் பி.எல்.ஏ. வேண்டாம்.

அடுத்து மின்னோட்டத்தை அளந்து, பிடி இறுகியதும் மோட்டாரை இரண்டு டிகிரி பின்வாங்கச் செய்யலாம் என்று ஐஎன்ஏ219 சென்சாரை வாங்கினேன். இணைத்தவுடன் மொத்தக் கையும் வலிப்பு வந்ததுபோல் உதறியது. இரண்டு மாலைகள் வயர்களைக் கழற்றி மாட்டியபின் தெரிந்த செய்தி இது: சர்வோக்களை ஓட்டும் பிசிஏ9685 பலகைக்கும் அந்த சென்சாருக்கும் ஆலையில் கொடுக்கப்படும் முகவரி, அதாவது நிரல் அவற்றை அழைக்கும் எண், ஒன்றே: ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 40. ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடுகள். சென்சாரில் ஏ0 என்று குறித்த இடத்தில் ஒரு துளி ஈயம் வைத்தால் அதன் முகவரி 41 ஆகிவிடும். வேலை இரண்டு நிமிடம். கண்டுபிடிக்க இரண்டு நாள்.

சென்சார் நன்றாகவே வேலை செய்தது. மோட்டார் சூடாவது நின்றது. பாட்டில் விழுவது மட்டும் நிற்கவில்லை. டியூப் ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பி, ஓரங்களில் பெயர்ந்து வந்தது. ஆயில் சீல் விற்கும் கடையில் நைட்ரைல் ரப்பர் தகடு வாங்கி ஒட்டினேன். அது ஊறவில்லை, ஆனால் வழுக்கியது. நடுவில் ஒரு கிறுக்குத்தனமும் செய்தேன். 2010-இல் கார்னெல், சிகாகோ பல்கலைக்கழகங்களும் ஐரோபோட் நிறுவனமும் சேர்ந்து, பலூனுக்குள் காப்பித்தூளை நிரப்பி ஒரு கிரிப்பர் செய்தார்கள். பொருளின்மேல் பலூனை அமுக்கி, காற்றை உறிஞ்சினால் தூள் இறுகிக் கல்லாகி அந்தப் பொருளைக் கவ்விக்கொள்ளும். படித்தவுடன் வீட்டு ஃபில்டர் காப்பித்தூளில் கால் கிலோவை எடுத்துச் செய்து பார்த்தேன். எலுமிச்சை, சாவிக்கொத்து, ஸ்பேனர் எல்லாவற்றையும் அது தூக்கியது, அற்புதமான பொருள். எண்ணெய் பட்ட பலூன் மூன்றாம் நாள் கிழிந்து, நிரப்பி வைத்த பன்னிரண்டு பாட்டில்களில் காப்பித்தூள் கொட்டியது. அதைப்பற்றி மேலும் எழுத எனக்கு அனுமதி இல்லை.

தீர்வு என்னிடமிருந்து வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரியர்காரர் வாசலில் நிற்க, மனைவி அவசரமாக வந்து தட்டிலிருந்த பாட்டில்களை அள்ளினார். ஒரு கையில் நான்கு. விரல் இடுக்குகளில் பாட்டில் கழுத்தைக் கோத்து, கையைக் கீழே தொங்கவிட்டபடி நடந்தார். முழங்கை வரை எண்ணெய். ஒன்றுகூட வழுக்கவில்லை. அவர் எதையும் இறுக்கிப் பிடிக்கவே இல்லை. பாட்டில் மூடிக்குக் கீழே ஒரு தடித்த வளையம் இருக்கிறதல்லவா, அது அவருடைய விரல்களின்மேல் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான்.

“என்னங்க, அப்படி என் கையையே பார்க்கிறீர்கள்?” என்றார்.

அன்றிரவே கவட்டை வடிவில் இரண்டு விரல்கள் வரைந்தேன். ஒவ்வொன்றிலும் 22 மி.மீ. கழுத்துக்கான அரைவட்டம்; இரண்டும் சேர்ந்தால் கழுத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம். வளையம் விரல்களின் மேல் அமரும். எடையைத் தாங்குவது இப்போது உராய்வு இல்லை, வடிவம். எண்ணெய் எவ்வளவு வழிந்தாலும் வளையம் கழுத்தைவிடச் சிறிதாகிவிடாது. பாட்டிலின் வாய் திறந்தே இருப்பதால் குழாய்க்கும் இடைஞ்சல் இல்லை. மூடும் விசை எதற்கென்றால், கை திரும்பும்போது பாட்டில் முன்பக்கமாக நழுவாமலிருக்க மட்டும். அதற்கு 300 கிராம் போதும் என்று ஸ்பிரிங் தராசில் இழுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

300 கிராம்தான் என்றால் மோட்டார் எதற்கு? இந்தக் கேள்வி வந்த பிறகுதான் வடிவமைப்பு சுகமானது. விரல்களை மூடுவது ஒரு சாதாரண இழுவை ஸ்பிரிங். மோட்டார் திறப்பதற்கு மட்டும். சைக்கிள் பிரேக் கேபிள் ஒன்றை அதன் உறையோடு வாங்கி, ஒரு முனையை விரலில் கட்டி, மறு முனையைக் கையின் அடிப்பாகத்துக்கு இடம்பெயர்ந்த சர்வோவில் மாட்டினேன். சர்வோ இழுத்தால் விரல் திறக்கும், விட்டால் ஸ்பிரிங் மூடும். பிடித்திருக்கும்போது மோட்டாருக்கு வேலையே கிடையாது, சூடும் கிடையாது. நான் பெருமையோடு முகவரி மாற்றிய அந்த மின்னோட்ட சென்சார் அன்று முதல் மேசை இழுப்பறையில் தூங்குகிறது.

எடைக் கணக்கிலும் லாபம். முன்பு கிரிப்பரும் அதன் 55 கிராம் மோட்டாரும் சேர்ந்து 125 கிராம். தோள் மூட்டிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் தொங்கியது. பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே தோள் மோட்டார்மீது 3.75 கிலோ-செ.மீ. சுமை. இப்போது நுனியில் 48 கிராம்தான், சுமை 1.44. கை நீளும்போது இருந்த நடுக்கம் பெருமளவு போய்விட்டது. மின்வெட்டு வந்தாலும் கவலையில்லை. ஒரு முறை வந்தது. கை முழுவதும் சோர்ந்து தொங்கியது, பாட்டில் மட்டும் விரலில் அப்படியே ஊசலாடிக்கொண்டிருந்தது.

அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக விழுந்தவை எட்டு. அவற்றில் ஒன்றுக்குக்கூட விரலைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று, வயர் அறுந்ததால். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை: கை மடங்கும் மூட்டில் மெல்லிய சர்வோ வயர் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மடங்கி, உறை முழுதாக இருக்க உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே ஒன்றும் தெரியாது. கை சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. நிரலில் பிழை தேடித் தேடிக் கண் பூத்துப்போகும். சிலிக்கான் உறை போட்ட, மெல்லிய இழைகள் நிறைந்த வயருக்கு மாறி, மூட்டில் பெரிய வளையமாக விட்டுக் கட்டிய பிறகு ஒன்றரை ஆண்டாகத் தொந்தரவில்லை. மோட்டாருக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர்கள் அதில் இருநூறை வயருக்குக் கொடுக்கலாம்.

பதினான்காம் மாதம் சர்வோ, ஓய்வு நிலையில் நிற்காமல் நடுங்க ஆரம்பித்தது. உள்ளே கோணத்தை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டரின் தடம், தினமும் ஒரே இடத்தில் நின்றதால் அங்கே மட்டும் தேய்ந்திருந்தது. புதிதாக வாங்குவதற்குமுன் ஒரு தந்திரம் செய்தேன். அந்த அச்சில் 25 பற்கள். அதன்மேல் மாட்டும் சிறு நெம்புகோலைக் கழற்றி இரண்டு பல் தள்ளி மாட்டினால் 28.8 டிகிரி நகரும். நிரலிலும் அதே அளவு மாற்றினால் தேயாத இடத்தில் வேலை தொடரும். இன்றுவரை அதே மோட்டார்தான்.

கேபிள்தான் என் தீராத புகார். எட்டு மாதத்துக்கொரு முறை, திருகு அழுத்தும் இடத்தில் இழை பிரிந்து முள்ளாக நிற்கும். வெட்டுவதற்கு முன் நுனியில் ஈயம் ஊற்றினால் கொஞ்சம் தாமதமாகும், நிற்காது. உறைக்குள் எண்ணெயும் தூசும் சேர்ந்தால் கேபிள் மந்தமாகி, விரல் மூட அரை நொடி எடுக்கும். மாதமொரு முறை சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, புது மசகு இட வேண்டும். மார்கழிக் காலையில் இன்னொரு வேடிக்கை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது சமையலறையில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் கேபிள் உறையை அறுத்துப் பார்த்தபோது தெரிந்தது.

செலவு, கிரிப்பருக்கு மட்டும், கருகிய மோட்டாரையும் காப்பித்தூளையும் சேர்த்து, சுமார் 4,000 ரூபாய். இன்று அதே கிரிப்பரைப் புதிதாகச் செய்தால் ஆயிரத்தைத் தாண்டாது. வேகத்தில் மனைவியின் கை இப்போதும் இதைவிட மூன்று மடங்கு. ஆனால் ரோபோ நிரப்பும்போது அவர் லேபிள் ஒட்டுகிறார்; ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கே கொட்டகையைப் பூட்டிவிடுகிறோம். எனக்கு அது போதும். பல வடிவப் பொருள்களைத் தூக்க வேண்டியவர்களுக்கு என் வடிவம் உதவாது. 1997-இல் லைஃப் க்னீஸ என்ற ஜெர்மானியர் மீன் துடுப்பைப் பார்த்துக் கண்ட தத்துவத்தில், அழுத்தும் பக்கமாகவே வளைந்து அணைக்கும் விரல்களை டி.பி.யூ. என்ற ரப்பர்போன்ற இழையில் அச்சிடலாம். தக்காளிக்கும் முட்டைக்கும் அவை நன்றாக இருந்தன. கனமான பாட்டிலோடு திரும்பும்போது மட்டும் பக்கவாட்டில் துவண்டன, அதனால் அப்போது ஒதுக்கினேன்.

இப்போது அவற்றைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் 50 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலிலும் தைலம் வருகிறது. ஐந்நூறு பாட்டில்கள் ஏற்கெனவே மூட்டையில் வந்து இறங்கிவிட்டன. நேற்று ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தேன். கழுத்தில் வளையம் இல்லை.