உடைமையா, உரிமமா? திருகோணமலையிலிருந்து பார்க்கும் மூன்று கடைகள்

உயர்தரப் பரீட்சை முடிந்த இரண்டாம் நாள் மருமகன் பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் நான்காக மடித்த ஒரு தாள். "மாமா, 'த விச்சர் 3' வாங்கப்போகிறேன். ஸ்டீம், எபிக், ஜி.ஓ.ஜி. மூன்றிலும் இருக்கிறது. எதில் எடுக்கட்டும்?" என்று கேட்டான். தாளில், கணினி விளையாட்டு விற்கும் அந்த மூன்று இணையக் கடைகளின் விலையையும் எழுதி, குறைந்த விலைக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். அவனைப் பொறுத்தவரை கணக்கு அத்துடன் முடிந்துவிட்டது.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ஊரில் இருந்துகொண்டு கணினி விளையாட்டு வாங்குகிறவர் விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இணையம் நின்றாலும், டொலர் ஏறினாலும், அந்தக் கடையே கதவைச் சாத்தினாலும் நம் கையில் என்ன மிஞ்சும்? அன்று அவனுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஸ்டீம் தொடங்கியது 2003 செப்டம்பரில். இங்கே அது போர்நிறுத்தக் காலம். கொழும்பிலிருந்து வந்த சீடிகள் நகரத்துக் கடைகளில் மெல்லிய பிளாஸ்டிக் உறைகளில் தொங்கும். அத்தனையும் நகல். உருவாக்கியவனுக்கு ஒரு சதமும் போகாத வியாபாரம் அது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் வாங்கிய சீடி நம்முடையது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. கீறல் விழும்வரை ஓடும். நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், திருப்பித் தராவிட்டால் அவன் வீட்டுப் படலையில் போய் நிற்கலாம். திருட்டு நகல் வாங்கியவனுக்கு அன்று இருந்த அந்த உறுதி, இன்று முறையாகக் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு இல்லை. இதுதான் என்னை உறுத்துகிறது.

2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமில் பணம் செலுத்தும் இடத்தில் ஓர் அறிவித்தல் தெரிகிறது. நீங்கள் வாங்குவது அந்தப் பொருளுக்கான உரிமம் என்கிறது அது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியா மாநிலச் சட்டத்தையொட்டி எழுந்த மாற்றம். மூன்று கடைகளிலும் தமிழ் இடைமுகம் கிடையாது. அதனால் எங்கள் பிள்ளைகள் அந்த வரியை ஆங்கிலத்தில் பார்த்து, விளங்கியும் விளங்காமலும் பொத்தானை அழுத்துகிறார்கள். தமிழில் சொன்னால் ஒரு நொடியில் விளங்கிவிடும். திருக்கடலூர்க் கரையில் கிடக்கும் வள்ளம் அதை வைத்திருப்பவரின் உடைமை. மீன்பிடிக்க அவருக்குக் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரம் உரிமம். முன்னதை அவர் மகனுக்குக் கொடுக்கலாம். பின்னதைக் கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அப்படி எடுத்தும் இருக்கிறார்கள். 2014இல் யூபிசாப்ட் வெளியிட்ட 'த குரூ' என்ற கார் ஓட்டும் விளையாட்டின் சர்வர்கள், அதாவது அதை இணையம்வழி இயக்கிய நிறுவனத்தின் கணினிகள், 2024 மார்ச் 31இல் நிறுத்தப்பட்டன. தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் தொடர்பு தேவைப்பட்டதால் விளையாட்டு மொத்தமாகச் செத்தது. இறுவட்டாக வாங்கி அலுமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். அந்தக் கோபத்தில் பிறந்த இயக்கம், விற்ற விளையாட்டைக் கொல்லாதே என்று ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொடுத்த மனுவுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்தன. விளையாட்டுத்தானே, இதற்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றே கேட்பேன். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைப் பத்து வருடம் கழித்துப் பதிப்பாளர் வீட்டுக்கு வந்து எடுத்துப்போனால் சும்மா இருப்பீர்களா?

இந்த இடத்தில்தான் ஜி.ஓ.ஜி. மற்ற இரண்டிலிருந்தும் பிரிகிறது. போலந்தின் சீடி புரொஜெக்ட் நிறுவனம் 2008இல் பழைய விளையாட்டுகளை விற்கத் தொடங்கிய கடை அது. சட்டப்படி அதுவும் விற்பது உரிமம்தான். ஆனால் நகல் தடுப்புப் பூட்டு எதுவும் இல்லாத நிறுவல் கோப்பையே நம்மிடம் தந்துவிடுகிறது. இறக்கி வைத்துக்கொண்டால் அதன்பின் கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கணக்கு முடங்கினாலும் நிறுவி விளையாடலாம்.

என் மேசை இழுப்பறையில் அதற்கென்றே ஒரு கையடக்க ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. வீடு டச்சுக் குடாவுக்குப் பக்கம். உப்புக் காற்றில் யூ.எஸ்.பி. துளைகளின் உள்ளே பச்சை படிந்துவிடும், இரும்பென்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே மருந்துப் போத்தலில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் நாலைந்துடன், இறுக மூடும் பால்மாப் பேணிக்குள் அதை வைத்திருக்கிறேன். திறந்தால் கோப்புகள் வரிசையாக நிற்கும். பெரிய விளையாட்டுகளை ஜி.ஓ.ஜி. ஏறத்தாழ 4 ஜிபி அளவுத் துண்டுகளாகத் தருகிறது. எங்களுக்கு இது ஒரு வரம். இலங்கையின் பல இணையப் பொதிகளில் நள்ளிரவுக்குப் பிறகு தனி ஒதுக்கீடு உண்டல்லவா? இன்றிரவு மூன்று துண்டு, நாளை மூன்று துண்டு என்று பிரித்து இறக்கலாம்.

ஆனால் உலாவியில் இறக்கும்போது ஒரு துண்டின் நடுவில் மின்சாரம் போனால், அந்தத் துண்டைப் பெரும்பாலும் முதலிலிருந்து இறக்க வேண்டும். விளையாட்டுக்குத் திருத்தம் வந்தால் நாமே தேடி எடுத்துச் சேமிக்க வேண்டும். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள் பல இந்தக் கடைக்கு வருவதேயில்லை, பூட்டில்லாமல் விற்க அவற்றின் வெளியீட்டாளர்கள் சம்மதிப்பதில்லை. விலையிலும், நான் பார்த்த அளவில், அமெரிக்காவில் இருப்பவர் கொடுக்கும் அதே டொலரைத்தான் பல விளையாட்டுகளுக்கு நாமும் கொடுக்கிறோம்.

ஸ்டீமில் அந்தக் கஷ்டம் குறைவு. தெற்காசியாவுக்கெனத் தனி டொலர் விலை வைக்க அங்கே வழி இருக்கிறது. வெளியீட்டாளர் மனம் வைத்தால் நமக்கு விலை நன்றாகவே இறங்கும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்தச் செயலியின் பொறுமை. இறக்கம் எங்கே அறுந்ததோ அங்கிருந்தே தொடரும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அந்த நாட்களில் மின்சாரம் வந்ததும் கணினியைப் போட்டு, நீலக் கோடு 41 சதவீதத்திலேயே நின்று நமக்காகக் காத்திருந்ததைப் பார்ப்பது ஒரு பெரிய ஆறுதல். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் இருண்ட அன்றும் அப்படித்தான்.

2023 பெப்ரவரியில் ஸ்டீம் இன்னொரு வசதியைச் சேர்த்தது. ஒரே ரவுட்டரில் இணைந்த இரண்டு கணினிகளில் ஒன்றில் விளையாட்டு இருந்தால், மற்றது வெளியிலிருந்து இறக்காமல் பக்கத்துக் கணினியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வாங்கியது அவரவர் கணக்கில் இருக்க வேண்டும், ஸ்டீம் அமைப்பில் இந்தப் பரிமாற்றத்தை அனுமதித்திருக்கவும் வேண்டும். மருமகனும் அவனுடைய நண்பனும் ஒருமுறை இங்கே வந்து, சாப்பாட்டு மேசையில் இரண்டு மடிக்கணினிகளை முகத்துக்கு முகம் வைத்து இப்படிச் செய்தார்கள். பல இரவுகள் இழுத்திருக்க வேண்டிய வேலை, அக்கா இடியப்பம் அவித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ஊருக்கு இதைவிடப் பயனுள்ள அம்சம் வேறு எந்தக் கடையிலும் இல்லை என்று துணிந்து சொல்வேன்.

குடும்பப் பகிர்வும் நல்லது. 2024 செப்டம்பரில் முழுமையாக வந்த ஏற்பாட்டின்படி ஒரே வீட்டில் இருக்கும் ஆறு பேர்வரை ஒருவர் வாங்கியதை மற்றவர் விளையாடலாம். அண்ணன் ஒன்றையும் தங்கை வேறொன்றையும் ஒரே நேரத்தில் திறக்கலாம். ஆனால் தம்பி விளையாட்டில் ஏமாற்று வேலை செய்து பிடிபட்டால், அந்த விளையாட்டுக்குச் சொந்தக்காரரின் கணக்கும் தடைபடும். சேர்க்கும் முன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

இத்தனை இருந்தும் ஸ்டீமில் உள்ளது உங்களுக்குப் பின் உங்கள் பிள்ளைக்குப் போகாது. கணக்கை உயில் எழுதி மாற்ற முடியாது என்று 2024இல் அவர்களே பதில் சொன்னார்கள். நீதிமன்ற உத்தரவு இருந்தால் உதவ முயல்வோம் என்றது ஜி.ஓ.ஜி. எனக்கு இது சின்ன விடயமாகத் தெரியவில்லை. அப்பாவின் மணிக்கூட்டை இன்றும் கட்டுகிறவன் நான்.

எபிக் பற்றி நீளமாக எழுத அதிகம் இல்லை. 2018 டிசம்பரில் தொடங்கியது. வாராவாரம் இலவசமாக விளையாட்டு கொடுக்கிறது, 2020 மே மாதம் புகழ்பெற்ற 'ஜிடிஏ 5' விளையாட்டையே கொடுத்தது. உருவாக்குபவரிடமிருந்து ஸ்டீம் அடிப்படையில் 30 சதவீதம் எடுக்க, எபிக் 2025 ஜூன் முதல் ஒரு விளையாட்டின் ஆண்டு வருமானத்தில் முதல் பத்து இலட்சம் டொலருக்கு எதுவும் எடுப்பதில்லை, அதற்கு மேல் 12 சதவீதம்தான் எடுக்கிறது. இந்த நியாயத்துக்காக அதை மதிக்கிறேன். திருகோணமலைப் பிள்ளை ஒருவன் நாளை ஒரு விளையாட்டைச் செய்து விற்கப் புறப்பட்டால், நூறு ரூபாவில் எழுபது கைக்கு வருவதற்கும் நூறும் வருவதற்கும் இருக்கும் இடைவெளி அவனுக்கு மின்கட்டணம். ஆனால் வாங்குபவனாக அந்தக் கடையில் எனக்கு மேலதிகமாக எதுவும் கிடைக்கவில்லை. இலவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள், காசு கொடுக்கும்போது யோசியுங்கள்.

பிடிக்காததைத் திருப்பிக் கொடுப்பதில் ஸ்டீமும் எபிக்கும் ஒன்றே: 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். ஜி.ஓ.ஜி. 30 நாட்கள் தருகிறது.

நான்காவதாக ஒரு கடை உண்டு. அதில்தான் எங்கள் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். சமூக ஊடகங்களில் "ஒரிஜினல், 800 ரூபா மட்டும்" என்று விற்கப்படும் பகிர்வுக் கணக்குகளைச் சொல்கிறேன். ஒரே ஸ்டீம் கணக்கின் கடவுச்சொல்லை எத்தனையோ பேருக்கு விற்று, இணையத்தைத் துண்டித்து விளையாடச் சொல்வார்கள். போன வருடம் மருமகன் எனக்குச் சொல்லாமல் அப்படி ஒன்று வாங்கினான். பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் கடவுச்சொல் மாறியிருந்தது, விற்றவரின் இலக்கமும் எடுபடவில்லை. எண்ணூறு ரூபாவைவிட, நாற்பது மணி நேரம் விளையாடிச் சேர்த்த சேமிப்பைத் திறக்க வழியில்லாமல் போனதுதான் அவனை அழவைத்தது. அவனை நான் திட்டவில்லை. சொந்தமாக வாங்க வழி தெரியாத பிள்ளையிடம் யாரோ குறுக்கு வழியை விற்றுவிட்டார்கள்.

வழி தெரியாததற்கும் காரணம் உண்டு. வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவனுக்குப் பெரும்பாலும் அட்டையே இல்லை. போதாததற்கு டொலர். 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்தது சில மாதங்களில் 360ஐத் தொட்டது. 15 டொலர் விளையாட்டு 3,000 ரூபாவிலிருந்து 5,400 ரூபாவுக்குப் போனது. காசு இருந்தாலும் சிலவேளை விற்க மாட்டார்கள். சோனியின் பிளேஸ்டேஷன் வலையமைப்பு அதிகாரபூர்வமாக இயங்காத நாடுகளில் இலங்கையும் ஒன்று. 2024 மே மாதம், அந்த வலையமைப்பு இல்லாத நாடுகளில் சோனியின் 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டு ஸ்டீம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே தவறு கடையுடையதல்ல, வெளியீட்டாளருடைய பட்டியல். எத்தனை கடை ஒப்பிட்டாலும் பட்டியலில் நம் நாடு இல்லாவிட்டால் வாசலில்தான் நிற்கிறோம்.

மருமகனுக்கு நான் சொன்ன முடிவு இதுதான். தனியாக இருந்து, கதையை வாசிப்பதுபோல் ஆடுகிற விளையாட்டு ஜி.ஓ.ஜி.யில் இருந்தால் சற்றுக் கூடக் கொடுத்தாவது அங்கேயே எடு. நண்பர்களோடு ஆடுவதும் அடிக்கடி திருத்தம் வருவதும் என்றால் ஸ்டீம். 'த விச்சர் 3' முதல் வகை. அதை உருவாக்கியவர்கள் தொடங்கிய கடையும் ஜி.ஓ.ஜி.தான். அவன் தாளைத் திரும்ப விரித்துப் பார்த்தான். அவன் கோடு போட்டிருந்தது வேறு கடைக்கு. "சரி மாமா, விலைக்கழிவு போடும்வரை பொறுக்கிறேன்" என்றான்.

கழிவு வந்தது. என் அட்டையில் வாங்கி, காசை அவனிடம் முழுதாக எண்ணி வாங்கிக்கொண்டேன், அது அவனுடையதாக இருக்க வேண்டும் என்பதற்காக. இப்போது இரவு பன்னிரண்டுக்கு மேல் ஒவ்வொரு துண்டாக இறக்கிக்கொண்டிருக்கிறான். நேற்றுக் காலை குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான்: ஏழாவது துண்டு முடிந்துவிட்டதாம், அம்மாவிடம் பால்மாப் பேணி ஒன்று கேட்டு வைத்திருக்கிறானாம்.