சின்னப் பட்டறையில் மரத்தூளைப் பிடிப்பது: கல்லடியிலிருந்து ஓர் அனுபவம்

என் பட்டறை என்பது பின்வளவில் உள்ள தகரக் கொட்டில்தான். மேசை வாள், மரத்தைத் தேய்க்கும் சாண்டர், ஓரம் செதுக்கும் ரவுட்டர், ஒரு மின்சீவுளி, அவ்வளவும் அதற்குள். மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கதவைத் திறந்துவிட்டால் தூள் காற்றோடு போய்விடும் என்று எல்லாரும் சொல்வார்கள். போகும்தான். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் நாட்களில் அது நேரே பக்கத்து வீட்டு அக்காவின் உடுப்புக் கொடிக்குப் போகும்.

நான் பாவிப்பது 1400 வாட் வக்கியூம் ஒன்று. அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் சைக்கிளோன், கீழே மூடி போட்ட பீப்பா. பல மாரிகளைக் கண்டுவிட்ட செட் இது. சைக்கிளோன் என்பது வெறும் கூம்புதான். காற்று ஓரத்தால் நுழைந்து சுழலும். கனமான தூளும் சீவலும் சுவரோடு உரசிக் கீழே விழும். மெல்லிய தூள் மட்டும் நடுக்குழாயால் வக்கியூமுக்குப் போகும். முன்பு வேலை முடிந்த ஒவ்வொரு பின்னேரமும் ஃபில்டரைத் தட்ட வேண்டியிருந்தது. இப்போது வாரக்கணக்கில் அதைத் திறப்பதே இல்லை. கொடுத்த காசுக்கு இதைவிடப் பலன் தந்த சாமான் என் கொட்டிலில் வேறு இல்லை.

ஆனால் பீப்பா மூடியில் துளி இடைவெளி இருந்தாலும் சைக்கிளோன் வேலை செய்யாது. விழுந்த தூள் திரும்ப எழும்பி வக்கியூமுக்கே போகும். முக்கால் நிரம்பியதும் கொட்டிவிடவும் வேண்டும். முதலில் வைத்திருந்தது பெயின்ட் வாளி. ஹோஸில் சீவல் அடைத்த ஒரு நாள் அது டொப் என்று உள்வாங்கிச் சப்பையாகிவிட்டது. பீப்பா தடிப்பாக இருப்பது நல்லது.

குழாய்க்கு வீட்டுத் தண்ணீர் வேலைக்குப் போடும் பிவிசி பைப்தான். ஹோஸின் வாயும் பைப்பின் வாயும் ஒருநாளும் பொருந்தாது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி மாட்டி, மேலே கிளிப் போட்டு இறுக்கினால் காற்று கசியாது. கச்சான் காலத்தின் வறட்சியில் பைப்பைத் தொட்டால் கையில் சுரீர் என்று கடிக்கும். வெறும் செப்புக் கம்பியைச் சுற்றி எர்த்தில் கொடுத்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது.

மோட்டரின் பலத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் தூள் பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிக்கிறோமா என்பதுதான் கேள்வி. சாண்டரில் இது நன்றாகத் தெரியும். அதன் துளைகளும் சாண்ட்பேப்பரின் துளைகளும் நேராக இருந்து, ஹோஸும் பூட்டியிருந்தால் மேசையில் விரலால் கோடு போடக்கூடத் தூள் மிஞ்சாது. மேசை வாள் அப்படியில்லை. கீழே பெட்டி அடித்து உறிஞ்சினாலும் பல்லின் மேற்பக்கத்தால் வருவது நேரே முகத்துக்கு வரும். மேலேயும் ஒரு குழாய் இறக்க வேண்டியிருந்தது.

கூட்டி அள்ளக்கூடிய தூளால் பெரிய கெடுதி இல்லை. வேலை முடிந்து லைட்டை அணைத்துவிட்டு, இருட்டில் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சக் கோட்டுக்குள் மிதப்பதுதான் ஆபத்து. அதிலும் 10 மைக்ரோனுக்கு (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ளது கண்ணுக்கே தெரியாமல் நெஞ்சுக்குள் இறங்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதலாம் பிரிவில் போட்டுவிட்டது. நம்மூரில் ‘தூள் குடித்துப் பழகிய உடம்பு’ என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். முதிரை மரத்தின் தூள் கையில் பட்டால் தோலும் அரிக்கும். பழைய வீட்டு முதிரைக் கதவு நிலைகளை வாங்கி வந்து அறுப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

அதனால் சீலைப்பை மாட்டிய பெரிய டஸ்ட் கலெக்டரை வாங்க நினைப்பவர்கள் பையைப் பற்றி முதலில் விசாரியுங்கள். சாதாரணப் பை 30 மைக்ரோனுக்கு மேலே உள்ளதைத்தான் பிடிக்கும். மற்றதெல்லாம் பையின் துளைகளால் வெளியேறி அறைக்குள்ளேயே சுற்றும். கொட்டில் துப்பரவாகத் தெரியும், காற்று தெரியாது. பலகையை ஒரே தடிப்பாகச் சீவும் திக்னசர் மெசின் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெரிய கலெக்டரைவிட வேறு வழியில்லை. அது கக்கும் சீவலுக்கு 4 அங்குலக் குழாய் வேண்டும், வக்கியூம் ஹோஸ் நொடியில் அடைத்துவிடும். அவர்களும் பைக்குப் பதிலாக மெல்லிய தூளையும் பிடிக்கும் நல்ல கார்ட்ரிஜ் (மடிப்புக் கடதாசி உருளை) ஃபில்டர் பூட்டுவதே சரி.

கரண்ட் விசயம். 13 அம்பியர் பிளக் ஒன்று 230 வோல்ட்டில் தாங்குவது ஏறக்குறைய 3000 வாட். என் வாள் 1800, வக்கியூம் 1400. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்சனில் குத்தினால் கூட்டிப் பாருங்கள். தனித்தனி பிளக்தான்.

மாரியில் இன்னொரு தொல்லை. ஈரக் காற்றில் கடதாசி ஃபில்டரில் தூள் மாவாகி ஒட்டும், தட்டினாலும் விழாது. வெயில் எறிக்கும் நாள் பார்த்து வெளியே எடுத்துச் சென்று, மாஸ்க் போட்டுக்கொண்டு பிரஷால் தள்ளுகிறேன். கழுவினால் அந்த மாதங்களில் அது காயாது. ஒரு ஃபில்டர் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பீப்பாவில் சேர்வதில் மரத்தூள் அடுப்புக்கு ஒரு பகுதி போகும், சீவல் கோழிக்கூட்டுக்கு. எம்டிஎப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுத்த தூளில் பசை இருக்கிறது. அதை எரிக்கவும் கூடாது, தோட்டத்தில் போடவும் கூடாது. ரவுட்டருக்கு மட்டும் இன்னும் திருப்தியான வழி கிடைக்கவில்லை. ஓரம் உருட்டும்போது தூள் நாலு பக்கமும் பறக்கும், எந்தக் குழாயும் முழுதாகப் பிடிப்பதில்லை. அந்த வேலைக்கு என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு வளவுக்கே போய்விடுகிறேன், அக்காவின் கொடியில் உடுப்பு இல்லாத நேரமாகப் பார்த்து.