மஞ்சள் கலரிங் தூள்: போத்தலில் வாங்கியதும் பொட்டலத்தில் வாங்கியதும்

மட்டக்களப்பில் வீட்டிலிருந்தே பூந்தி லட்டும் கேசரியும் ஓடருக்குச் செய்து கொடுப்பவள் நான். பல வருடங்களாக என் அடுப்படியில் இருக்கும் மஞ்சள் கலரிங், சிறு போத்தலில் அடைத்து, 'டார்ட்ரசின், ஈ 102' என்று லேபலில் தெளிவாக அச்சிட்ட தூள்.

நிறத்தில் குறை சொல்ல இடமில்லை. போத்தலில் செம்மஞ்சளாகத் தெரியும் தூள், நீர் பட்டதும் எலுமிச்சம்பழ மஞ்சளாகிவிடும். ஒரு சிட்டிகையைக் கரைத்து ஊற்றினால் ஒரு கிலோ ரவைக் கேசரிக்குப் போதும், அடுப்புச் சூட்டிலும் மங்காது. நெய்யில் கரையாது என்பதால் நேரே நெய்யில் தூவினால் புள்ளி புள்ளியாக நின்றுவிடும். முதலில் நீரில்தான் கரைக்க வேண்டும். பூந்தி மாவில் அப்பச்சோடாவோடு மஞ்சள்தூளைச் சேர்த்தால் நிறம் சிவப்புப் பக்கம் திரும்பிவிடுகிறது, இது திரும்புவதில்லை. ஆனால் மஞ்சள் சோற்றுக்கு இதை நான் ஏற்கவில்லை. 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மஞ்சளின் விலை தாங்க முடியாதபடி ஏறியபோது ஒருமுறை கலரிங் இட்டுச் சமைத்தேன். கண்ணுக்கு மஞ்சள் சோறாக இருந்தது, வாயில் வெறுஞ் சோறாக இருந்தது.

1884இல் சுவிஸ் இரசாயனவியலாளர் யோஹான் ஹைன்ரிக் சீக்லர் கண்டுபிடித்த சாயம் இது. அக்காலத்தில் நிலக்கரித் தாரிலிருந்தும் இன்று பெற்றோலியத்திலிருந்தும் கிடைக்கும் மூலப்பொருள்களே இதற்கு அடிப்படை. சல்பனிலிக் அமிலத்தைச் சோடியம் நைத்திரைற்றுடன் வினைப்படுத்தி, பிறகு பைரசலோன் சேர்மம் ஒன்றுடன் இணைக்கிறார்கள்.

சென்ற வருடம் போத்தல் கிடைக்காத ஒரு நாளில், பெயரோ எண்ணோ இல்லாத பொலித்தீன் பொட்டலம் ஒன்றைச் சில்லறைக் கடையொன்றில் வாங்கினேன். கேசரி நன்றாகவே மஞ்சளானது, ஆனால் உள்ளே இருப்பது எது என்று கேட்டதற்குக் கடையில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. உணவுக்கு ஆகாத மெட்டனில் மஞ்சள் என்ற துணிச்சாயமும் கரைத்தால் மஞ்சளாகத்தான் தெரியும், வெறுங்கண்ணால் பிரித்தறிய வழியில்லை என்பதால் கேசரியையும் பொட்டலத்தையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். லேபல் இல்லாத தூளை யாரும் வாங்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

அனுமதிக்கப்பட்ட சாயமானாலும் அளவு முக்கியம். உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு 2016இல் ஏற்ற எல்லை, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 150 மில்லிகிராம். ஐஸ்பழம், ஜெலி, கஸ்ரட், பழச்சுவைப் பானம் என்று அதே பிள்ளை ஒரே நாளில் பல வழிகளில் இதை உட்கொள்ளக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல், பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை இச்சாயம் சேர்ந்த உணவுகளின் லேபலில் இருக்க வேண்டும். எங்கள் போத்தலிலும் அப்படி ஒரு வரி இருந்திருக்கலாம்.

ஒவ்வாமையோ ஆஸ்மாவோ உள்ள சிலருக்கு இது ஒத்துக்கொள்வதில்லை. அதனால் ஓடர் எடுக்கும்போதே கேட்டுவிடுகிறேன்; அப்படி யாரும் இருந்தால் கடலை மாவின் சொந்த நிறத்திலேயே லட்டுப் பிடித்துக் கொடுக்கிறேன். சற்று வெளிறித்தான் இருக்கும், விலை ஒன்றுதான்.