பத்மினியில வைட்பேண்ட் சென்சார்: ஐட்லிங்ல மட்டும் பொய் சொல்லுது

நண்பர் ஒருத்தர் தன் கான்டெஸாவுக்கு ஸ்டீல் ஹெடர் (எஞ்சின்ல இருந்து புகையை வெளிய கொண்டு வர்ற பைப் செட்) வாங்கிட்டாரு, இசுசு 1.8 எஞ்சின் வண்டி, ஆக்சிஜன் சென்சாருக்கு பங், அதான் சென்சாரை முறுக்கற மரை வளையம், எங்க வெல்டு அடிக்கறதுனு கேட்டாரு. போன்ல பாதி சொல்றதுக்குள்ள எனக்கே கோவம் வந்துருச்சு, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

என்னோடது பிரீமியர் பத்மினி, சோலெக்ஸ் கார்ப் (கார்புரேட்டர்), பாயிண்ட் செட் இக்னிஷன், 4-2-1 ஹெடர், பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சார் போட்ட வைட்பேண்ட் கேஜ், அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காத்துன்னு நம்பர்ல காட்டற மீட்டர். 1089 சிசி வண்டிக்கு இதெல்லாம் தேவையானு கேக்கறவங்க கேட்டுக்கிட்டே இருங்க.

முதல்ல சைலன்சர் கடைக்காரர் பண்ண வேலை. மேல அடிங்கன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனா, ஃப்ளோர்ல இடிக்கும் சார்னு சொல்லி பைப்புக்கு அடியில வெல்டு வெச்சுட்டாரு. காலையில வண்டிய ஸ்டார்ட் பண்ணா சைலன்சர்ல தண்ணி சொட்டும்ல, அந்தத் தண்ணி பைப்புக்கு அடியிலதான் ஓடும். சென்சாருக்குள்ள செராமிக், ஹீட்டர் அதை 700 டிகிரிக்கு மேல சூடாக்கி வெச்சிருக்கும், அது மேல ஒரு சொட்டு பட்டா விரிசல்தான். எனக்கு அப்படியே ஆச்சு. சென்சார் என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும், வெல்டிங் கூலிய விட எத்தனை மடங்குன்னு நான் சொல்ல வேண்டாம். கடிகாரத்துல 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவுல இருக்கணும், அது முடியாட்டியும் படுக்கை மட்டத்துல இருந்து கொறஞ்சது 10 டிகிரியாவது தூக்கி. நேரா 12 மணிக்கு வெச்சா ஃப்ளோர்ல இடிக்கறது உண்மைதான், சாச்சு வெச்சா இடிக்காது, அவ்வளவுதான் விஷயம்.

தூரத்தையும் சொல்லிடறேன். நாலு பைப்பும் சேர்ற கலெக்டருக்கு அப்புறம் வைங்க, ஒரே பைப்புல வெச்சா அந்த சிலிண்டர் கதை மட்டும்தான் தெரியும். ஹெட்ல இருந்து ஒன்றரை அடியாவது தள்ளி இருக்கணும், கிட்ட போனா சூட்டுல சென்சார் சாகும். டெயில் பைப் முனை பக்கம் கொண்டு போனா வெளிக்காத்து திரும்பி உள்ள வந்து ரீடிங்கைக் கெடுக்கும்.

இப்ப எல்லாம் சரியான இடத்துல இருக்கு. அப்புறம் என்ன பிரச்சனைன்னா ஐட்லிங். ரோட்ல போறப்ப கேஜ் ஒழுங்கா பேசுது, சிக்னல்ல நின்னா 16, 17னு ஏறும், அதாவது லீன், காத்து அதிகம் பெட்ரோல் கம்மின்னு காட்டும், எஞ்சின் என்னமோ பூ மாதிரி ஓடிட்டு இருக்கும். நிஜமா அவ்ளோ லீன்னா வண்டி குலுங்கணும். ஹெடர் செஞ்சவங்க கலெக்டரை வெல்டு பண்ணாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி ஸ்பிரிங் மாட்டி விட்டுருக்காங்க. எக்ஸாஸ்ட் விட்டு விட்டுத் தள்ளறப்ப நடுவுல ஒரு இழுப்பு வரும், அந்த இழுப்புல சொருகின இடத்து வழியா வெளிக்காத்து உள்ள போகுது. ஐட்லிங்ல புகை கம்மி, அதனால அந்தக் கொஞ்சூண்டு காத்தே பெருசாத் தெரியும், ஆர்பிஎம் ஏறினா காணாமப் போயிரும். சென்சாருக்கு பெட்ரோலைப் பத்தி ஒண்ணும் தெரியாது, மிச்ச ஆக்சிஜனை மட்டும்தான் பாக்குது. பாயிண்ட் கருகி எஞ்சின் மிஸ் ஆனாலும் எரியாத காத்தைப் பாத்துட்டு லீன்னுதான் சொல்லும், அதை நம்பி கார்ப்ல பெட்ரோல் வர்ற ஓட்டையை, அதான் ஜெட்டை, பெருசு பண்ணா போச்சு. எங்க லீக்னு பாக்கணும்னா எஞ்சின் ஆறினப்புறம் டெயில் பைப்புல புளோயரை வெச்சு ஊதிட்டு ஜாயிண்ட்ல சோப்புத்தண்ணி ஊத்துங்க, நுரை காட்டிக் கொடுத்துரும். என் ஹெடர்ல ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் நுரை. சிலிகான் சீலண்ட் தடவலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அந்த ஆவி சென்சாரைக் கொல்லும்.

இவ்ளோ திட்டினாலும் ஒண்ணு சொல்லணும். பெட்ரோல் பங்க்ல பூரா ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்ததுக்கு அப்புறம் வண்டி 60ல போறப்ப இழுவையே இல்ல, லேசா வெட்டுது, மெக்கானிக் கார்ப் மாத்துங்கன்னாரு. கேஜ்ல லாம்டா (தேவையான காத்தைப் போல எத்தனை மடங்கு போகுதுங்கற கணக்கு, 1க்கு மேல போனா லீன்) 1.08, 1.1 பக்கம் நின்னுச்சு. சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்துன்னா ஈ20க்கு 13.5 போதும், பழைய ஜெட்டோட ஓட்டினா லீன் ஆகத்தான் செய்யும். மெயின் ஜெட்டை மட்டும் பெருசு பண்ணேன், வெட்டு நின்னுச்சு, மேட்டுப்பாளையம் ரோட்ல லாரியத் தாண்டறப்ப பழைய தெம்பு வந்துருச்சு. கேஜ்ல 14.7 ஸ்கேலைப் பாக்காதீங்க, லாம்டாவுக்கு மாத்திக்கங்க, எந்த பெட்ரோல் போட்டாலும் 1 தான் கணக்கு.

இன்னொண்ணு, கேஜ் வயரைக் கழட்டிட்டு சென்சாரை மட்டும் பைப்புல விட்டு ஓட்டாதீங்க. ஹீட்டர் இல்லாம கரி புடிச்சு வீணாப் போகும். கழட்டினா 18 எம்எம் பிளக் போட்டு மூடிருங்க.

வாங்கலாமானு கேட்டா, என் மனநிலைல வேண்டாம்னுதான் சொல்லுவேன். கார்ப் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் கலரைப் பாத்து டியூன் பண்ற ஆள் கிடைச்சா நிம்மதி, சிக்னல்ல நின்னு நம்பரை வெறிச்சுப் பாக்கற வியாதி வராது. நண்பர் எப்படியும் போடத்தான் போறாரு, அவருக்கு மட்டும்: பங் அடிக்கறதுக்கு முன்னாடி கலெக்டரை சுத்தி முழுசா வெல்டு பண்ணச் சொல்லுங்க, வெல்டு முடியற வரைக்கும் டீ குடிக்கப் போகாதீங்க. என் ஹெடரையும் அடுத்த வாரம் கழட்டி அதே வேலைக்குக் குடுக்கறேன், வேற கடையில.