பனி பெய்யாத ஊரில் ஒரு யர்ட்: நான்கு வருடத்துக்கு அப்புறம்

போன வாரம் அக்கா மகன் கனடாவிலிருந்து அழைத்தான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலையோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கியிருக்கிறானாம். அதில் யர்ட் (மங்கோலியர்கள் வாழ்கிற மாதிரி வட்டக் கூடார வீடு) போட்டு, வார இறுதியில் மட்டும் போய்த் தங்க ஆசை. “மாமா, நீங்கதான் நாலு வருஷமா வச்சிருக்கீங்களே, பனி தாங்குமா?”

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஐஸ்பெட்டியைத் தவிர வேறெங்கும் நான் பனி பார்த்ததில்லை. ஆனாலும் பையன் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறான். என் யர்ட் போன தீபாவளிக்குப் படுத்துவிட்டது. எழுப்பி இரண்டு மாதம்தான் ஆகிறது.

6 மீட்டர் அகலம், வட்ட வடிவம், மேலே ரப்பர் பூச்சுத் துணி. மூடப்போன ஒரு முகாமிடமிருந்து பழைய விலைக்கு எடுத்தேன், டுரியான் தோப்புக் காவலுக்கு. பழம் ராத்திரியில்தான் அதிகம் விழும். ஆள் அங்கேயே படுக்க வேண்டும். காற்று விஷயத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. ஒரு சாயங்காலக் காற்றில் பக்கத்துத் தோப்பின் தகரக்கூரை பறந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் போய் விழுந்தது. இது அசையவே இல்லை. மூலையே கிடையாதே, காற்று எதைப் பிடித்து இழுக்கும்? பூஞ்சணம் பிடிக்கிறது, அது நம் ஊர் ஈரத்தின் குணம். வினிகர் போட்டுத் துடைத்தால் போகும். அதைப் பற்றிப் பேசப் போவதில்லை.

பேச வேண்டியது அந்த 12 கட்டைகளைப் பற்றி. மூட்டையைப் பிரித்தபோது தனியாகக் கட்டி வைத்திருந்தார்கள். விளக்கத்தாளில் ‘பனிக்கால முட்டு’ என்று இருந்தது. கூரைக் கைமரம் சுவரைத் தொடுகிற இடத்தில் தரையிலிருந்து நிமிர்த்தி முட்டுக் கொடுக்க வேண்டுமாம். விழுந்து விழுந்து சிரித்தேன். நல்ல மரம், வீணாக்குவானேன் என்று நாலைக் கோழிக்கூட்டுக்குக் காலாக வைத்தேன். எட்டு பாகற்கொடிப் பந்தலுக்குப் போனது.

யர்ட்டின் சூட்சுமம் இது: நடுவில், உச்சியில் ஒரு வளையம் (கிர்கிஸ்தான் கொடியில் சூரியனுக்குள் வரைந்திருப்பது இதைத்தான்). கைமரங்கள் அதிலிருந்து இறங்கிச் சுவரின் தலையில் உட்காருகின்றன. கூரையில் பாரம் ஏறினால் வளையம் கீழே அமுங்கும். கைமரங்கள் சுவரை வெளியே தள்ளும். சுவரோ குறுக்குமறுக்காக அடித்த மெல்லிய பட்டை, மடக்கி விரிக்கிற சாமான். அது பிளந்துகொள்ளாமல் காப்பது தலையைச் சுற்றி ஓடுகிற ஒரே ஒரு இரும்புக் கேபிள். மங்கோலியர்கள் அதே வேலைக்கு இழுத்துக் கட்டுகிற கயிறும் பட்டையும் வைத்திருக்கிறார்கள். வளையத்துக்கு அடியில் இரண்டு தூணும் நிறுத்துவார்கள். என்னுடையதில் தூண் இல்லை.

தீபாவளிக்குக் கிள்ளானில் மகள் வீட்டுக்குப் போய் ஐந்து நாள் தங்கிவிட்டோம். இங்கே நல்ல மழை. கேபிளைப் பூட்டுகிற கிளிப் துருப்பிடித்து வழுக்கியிருக்கிறது. சுவர் கொஞ்சம் விரிந்தது, கூரைச் சரிவு குறைந்தது, துணி தொய்ந்தது. தொய்ந்த இடத்தில் சருகு சேர்ந்து அடைத்து, தண்ணீர் தேங்கியது. தேங்கத் தேங்கச் சுவர் இன்னும் விரிந்தது. திரும்பி வந்து பார்த்தால் குளித்துவிட்டுப் படுத்த எருமை மாதிரி கிடக்கிறது. இரண்டு கைமரம் முறிவு. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பாகற்பந்தலைப் பார்த்தாள். அது நேராக நின்றுகொண்டிருந்தது.

மரவேலைக்காரர் மெராந்தி மரத்தில் புதுக் கைமரம் இழைத்துக் கொடுத்தார். கிழிசலை லாரி தார்ப்பாய் தைக்கிற கடையில் ஒட்டினேன். எல்லாம் சேர்த்து 380 வெள்ளி (ரிங்கிட்). 12 கட்டையும் இப்போது அதனதன் இடத்தில். பாரம் பட்டைச் சுவரில் ஏறாமல் நேரே தரைக்கு இறங்குகிறது. கோழிகள் செங்கல் மேல்.

இனி தம்பிக்குக் கணக்கு. புதிதாக விழுந்த உலர்பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ என்று வைத்துக்கொள். 30 சென்டிமீட்டர் கனத்துக்குப் படிந்தால் என் கூரை அளவுக்குக் கிட்டத்தட்ட 850 கிலோ வரும். தோட்டத்துப் பாஷையில், 20 கிலோ செம்பனைக் குலை 40க்கு மேல் உச்சியில் ஏற்றிய மாதிரி. ஈரப்பனி என்றால் அதைப்போல் மூன்று மடங்கும் ஆகலாம். பனிமேல் மழையும் பெய்தால் அது தண்ணீரைக் குடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் சறுக்கி விழுந்து மறுபக்கம் தங்கினால் இன்னும் மோசம், வளையம் கோணிக்கொள்ளும்.

“மங்கோலியாவுல நூத்துக்கணக்கான வருஷமா நிக்குதே மாமா?” நிற்கிறது. தலைநகர் உலான்பாட்டரில் ஜனவரியில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். ஆனால் குளிர்காலத்தில் அங்கே விழுவது கொஞ்சம் பனிதான், அதுவும் உலர்ந்தது. அதைவிட, உள்ளே குடும்பம் இருக்கிறது. நடுவில் அடுப்பு எரிகிறது. காலையில் யாராவது வெளியே வந்து கூரையைத் தட்டி விடுவார்கள், கயிற்றை இறுக்குவார்கள். நீ திங்கள் முதல் வெள்ளிவரை பூட்டிவிட்டுப் போகப் போகிறாய். ஐந்து நாள் ஆளில்லாமல் விட்டதற்கு எனக்குக் கிடைத்தது மேலே எழுதியிருக்கிறது, அதுவும் வெறும் மழைக்கு.

அதனால் வாங்காதே, தம்பி. மரவீடு கட்டிக்கொள். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால் அந்த ஊர்ப் பனிப்பாரம் என்ன என்று கேட்டு, அதற்கேற்ற கைமரமும் முட்டும் சேர்த்து வாங்கு. நீண்ட பிடி போட்ட பனி வாரியும் வாங்கு. யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

எனக்கும் இனி ஒன்று வாங்குகிற உத்தேசமில்லை. நேற்று ஒருவர் விலை கேட்டு வந்தார், நான் கொடுத்ததற்கு மேலேயே. சீசன் வருகிறது, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். ராத்திரி மழை பிடித்தது. ஒரு தடவை எழுந்து டார்ச் அடித்து கிளிப்பைப் பார்த்துவிட்டு, திரும்ப அங்கேயே படுத்துத் தூங்கினேன்.