உலக வங்கியின் வறுமை மற்றும் ஏற்றத்தாழ்வுத் தளம்: ஒரு மதிப்புரை

உலக வறுமை பற்றி நாளிதழ்களிலும் போட்டித் தேர்வு நூல்களிலும் நாம் படிக்கும் எண்களில் பெரும்பாலானவை ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. போவ்கால்நெட் என்ற பழைய கருவிக்குப் பதிலாக உலக வங்கி 2022-இல் தொடங்கிய ‘வறுமை மற்றும் ஏற்றத்தாழ்வுத் தளம்’ என்னும் இணையச் சேவைதான் அது. 1995-இல் கோபன்ஹேகனில் கூடிய சமூக வளர்ச்சிக்கான உலக உச்சிமாநாட்டில் வறுமையை ஒழிப்பதாக அரசுகள் வாக்களித்தன; 2015-இல் ஏற்கப்பட்ட நிலையான வளர்ச்சி இலக்குகளில் முதலாவதும் அதுவே. அந்த இலக்கை நோக்கி உலகம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை அளக்க ஐ.நா. அவை எடுத்துக்கொள்வதும் இந்தத் தளத்தின் கணக்கைத்தான். இதற்குக் கட்டணம் இல்லை. பெயரைப் பதிவு செய்யவும் வேண்டியதில்லை.

தளத்தில் மிகவும் பயனுள்ள பகுதி வறுமைக் கணிப்பான். நாட்டைத் தேர்ந்தெடுத்து, நாளொன்றுக்கு இத்தனை டாலர் என்று வறுமைக் கோட்டை நாமே குறிக்கலாம். அதற்குக் கீழே எத்தனை சதவீதம் பேர் வாழ்கிறார்கள் என்பதை அது ஆண்டுவாரியாகக் காட்டும். 2025 ஜூனில் உலக வங்கி கடும் வறுமைக் கோட்டை 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தியது. இந்தக் கோட்டின்படி இந்தியாவில் 2011-12-இல் 27.1 சதவீதமாக இருந்த கடும் வறுமை, 2022-23-இல் 5.3 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இது உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் முன்னேற்றம். ஆனால் கீழ்-நடுத்தர வருமான நாடுகளுக்கான 4.20 டாலர் கோட்டுக்கு மாற்றினால், அதே 2022-23-இல் விகிதம் 23.9 சதவீதமாகிவிடுகிறது. இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் 25 கோடிக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரிய மருத்துவச் செலவோ, ஒரு பருவத்து வேலையிழப்போ வந்தால் மீண்டும் கீழே போய்விடக்கூடியவர்கள் அவர்கள். ஒற்றை எண்ணை மட்டும் மேற்கோள் காட்டும் செய்திகளில் இவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அவர்களைக் காட்டுவதற்காகவே இந்தக் கணிப்பானை நான் மனமாரப் பாராட்டுவேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இந்த டாலரை வங்கி மாற்று விகிதத்தால் பெருக்கக்கூடாது. வாங்கும் திறன் சமநிலைப்படி, அதாவது ஒரே பொருள்களை வாங்க ஒவ்வொரு நாட்டிலும் ஆகும் செலவை ஒப்பிட்டு மாற்றினால், 3 டாலர் என்பது 2021-ஆம் ஆண்டு விலைவாசியில் ஏறத்தாழ 60 ரூபாய்தான். சோறு, வாடகை, பேருந்துக் கட்டணம், மருந்து அனைத்தும் அந்த 60 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். முதல் முறை வருபவர் கணிப்பானில் எண்ணை இடும்போதே இந்த விளக்கமும் கண்ணெதிரே நின்றிருக்க வேண்டும்.

ஏற்றத்தாழ்வுப் பகுதியை இன்னும் கவனமாக அணுக வேண்டும். ஏற்றத்தாழ்வை 0 (முழுச் சமம்) முதல் 100 (எல்லாம் ஒருவரிடமே) வரை அளக்கும் ஜினி குறியீட்டில் இந்தியாவுக்கு 2022-23-இல் கிடைக்கும் எண் 25.5. இதை வைத்துத்தான் 2025 ஜூலையில், உலகிலேயே ஏற்றத்தாழ்வு மிகக் குறைந்த நாடுகளுள் இந்தியா நான்காவது என்று இந்திய அரசின் செய்திக்குறிப்பு கூறியது. ஆனால் இந்தியாவின் எண் குடும்பங்களின் நுகர்வுச் செலவை அடிப்படையாகக் கொண்டது. பிரேசில் முதலான பல நாடுகளின் எண்களோ வருமானத்தை அடிப்படையாகக் கொண்டவை. செல்வர்கள் தம் வருமானத்தில் ஒரு பகுதியையே செலவழிப்பதால், நுகர்வுக் கணக்கில் ஏற்றத்தாழ்வு பொதுவாகக் குறைவாகவே தோன்றும். இந்தியாவைப் பற்றிய உலக வங்கியின் 2025 சுருக்கக் குறிப்பே இதை ஒப்புக்கொண்டு, உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் என்ற வேறோர் ஆய்வுத் தளத்தின் வருமானக் கணக்கில் ஜினி 2004-இல் 52 ஆகவும் 2023-இல் 62 ஆகவும் இருப்பதைச் சுட்டுகிறது. எது நுகர்வு, எது வருமானம் என்ற விவரம் தளத்தில் இருக்கத்தான் செய்கிறது. இருந்தும் இரண்டு வகை நாடுகளையும் ஒரே பட்டியலில் அடுக்க யாருக்கும் தடையில்லை. நாடுகளை ஒப்பிடும் இடத்திலேயே அழுத்தமான எச்சரிக்கை ஒன்றை வைப்பது உலக வங்கிக்குக் கடினமான காரியம் அன்று.

எண்களின் நம்பகம் ஒவ்வொரு நாட்டின் கணக்கெடுப்பையும் பொறுத்தது. இந்திய அரசு 2017-18 நுகர்வுக் கணக்கெடுப்பின் முடிவுகளை வெளியிடாமல் நிறுத்திவிட்டதால், 2011-12-க்குப் பிறகு அரசின் நுகர்வுத் தரவில் நெடுங்காலம் வெற்றிடமே இருந்தது. 2022-23 கணக்கெடுப்பின் முறையும் பழையதிலிருந்து மாறுபட்டது, ஆகவே 27.1-ஐயும் 5.3-ஐயும் நேருக்கு நேர் கழித்துப் பார்ப்பது சரியாகாது. இலங்கையின் நிலையும் இத்தகையதே. 2022-இன் பொருளாதார நெருக்கடி அங்கே எத்தனை குடும்பங்களை வறுமையில் தள்ளியது என்பதற்கு நாம் படிக்கும் எண்கள் 2019 கணக்கெடுப்பிலிருந்து கணித்த மதிப்பீடுகள். வீடு வீடாகச் சென்று கேட்டுப் பெற்றவை அல்ல.

மாணவர்களும் பத்திரிகையாளர்களும் தயங்காமல் பயன்படுத்த வேண்டிய சேவை இது. தரவு முழுவதையும் பதிவிறக்கலாம். கணக்கிடும் முறையை விளக்கும் கையேடும் விரிவாக இருக்கிறது. தமிழில் ஒரு பக்கம்கூட இல்லாதது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. கையேட்டின் முதன்மைப் பகுதிகளையாவது நம் பல்கலைக்கழகப் பொருளியல் துறை ஏதேனும் மொழிபெயர்த்து வெளியிட்டால், ஊராட்சி அளவில் பணியாற்றுவோரும் இந்த எண்களைத் தாமே சோதித்துப் பார்க்க முடியும்.