கேஷ்பேக்கா, மைலா? சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிறவரின் கணக்கு

செலவில் ஒரு சிறு பங்கைப் பணமாகத் திருப்பித் தரும் கேஷ்பேக் கிரெடிட் கார்டை நான்கு ஆண்டுகள் வைத்திருந்தேன். 2023-இன் தொடக்கத்தில் அதை மூடிவிட்டு, விமான மைல், அதாவது விமான டிக்கெட்டுக்குப் பயன்படும் புள்ளிகள், சேர்க்கும் கார்டுகளுக்கு மாறினேன். சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் இரண்டில் எது லாபம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் மைல் பக்கம்தான். ஆனால் அதற்கான காரணம், மைல்காரர்கள் வழக்கமாகச் சொல்கிற பிசினஸ் கிளாஸ் சொகுசு கிடையாது. அதில் நான் ஏறியதும் இல்லை.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் முழுப் பாக்கியையும் கட்டுகிறவருக்கு மட்டும்தான் இந்தப் பேச்சு. இங்கே கார்டு வட்டி ஆண்டுக்கு 27, 28 சதவீதம் வரை போகிறது. ஒரு மாதம் முழுப் பாக்கியும் நின்றால், அந்த மாதம் சேர்த்ததைவிடக் கூடுதலாக வட்டியிலேயே போய்விடும். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஆண்டு வருமானம் 30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருந்தால் கார்டு கிடைக்கும். வேலை அனுமதிப் பாஸில் இருப்பவர்களிடம் வங்கிகள் பொதுவாக அதைவிடக் கூடுதலாகக் கேட்கின்றன.

சரி, கணக்குக்கு வருவோம். மாதம் 1,500 வெள்ளி கார்டில் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிட்டி கேஷ்பேக் பிளஸ், யுஓபி அப்சல்யூட் மாதிரி எதற்கும் ஒரே விகிதம் தரும் கார்டுகளில் 1.6 அல்லது 1.7 சதவீதம் கிடைக்கும். 1.6 என்றால் மாதம் 24 வெள்ளி, வருடத்துக்கு 288 வெள்ளி. இதற்கு நாம் யோசிக்க வேண்டியது எதுவுமே இல்லை. இதைவிடக் கூடுதல் விகிதம் தரும் கேஷ்பேக் கார்டுகளும் உண்டு. அவற்றில் குறைந்தபட்சச் செலவு, மாத வரம்பு, காலாண்டு நிபந்தனை என்று இருக்கும். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செலவழிக்கத் தயாராக இருப்பவர் அந்த உழைப்பை மைலுக்கே போடலாம் என்பது என் எண்ணம்.

மைல் பக்கம் நான் வைத்திருப்பது இரண்டு கார்டு. ஆன்லைன் செலவுக்கு சிட்டி ரிவார்ட்ஸ். அதில் ஒரு வெள்ளிக்கு 4 மைல், மாதம் 1,000 வெள்ளி வரை. மற்றதற்கெல்லாம் சிட்டி பிரீமியர்மைல்ஸ், வெள்ளிக்கு 1.2 மைல். என் வீட்டில் மளிகை, போன் பில், பிள்ளைகளின் துணிமணி எல்லாம் ஆன்லைனில் சேர்த்தால் 700 வெள்ளி வரும். அதற்கு 2,800 மைல். மீதி 800 வெள்ளிக்கு 960. மொத்தம் மாதம் 3,760, வருடத்துக்கு 45,000-ஐத் தொடும்.

இந்த 45,000 மைல் எத்தனை வெள்ளிக்குச் சமம் என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். சென்னைக்கு ஒரு வழிப் பயணம் 20,000 மைல் என்று தோராயமாக வைத்துக்கொண்டு பார்க்கலாம். மைலில் டிக்கெட் எடுத்தாலும் விமான நிலைய வரியை நாம்தான் கட்ட வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து புறப்பட்டால் அதுவே 60 வெள்ளிக்கு மேல். சாதாரண நாளில், இரண்டு மாதம் முன்பே பதிவு செய்தால், பட்ஜெட் விமானத்தில் 160, 170 வெள்ளிக்குச் சென்னை போய்விடலாம். அப்படியானால் 20,000 மைல் எனக்கு மிச்சப்படுத்தியது 100 வெள்ளி. மைலுக்கு அரைக் காசு (சென்ட்). வருடத்துக்கு 225 வெள்ளி. கேஷ்பேக் 288 கொடுத்திருக்கும்.

ஆகவே திட்டமிட்டு, விடுப்புக்கு எழுதிக் கொடுத்து, மலிவாகப் பார்த்துப் போகிற பயணத்துக்குக் கேஷ்பேக்தான் நல்லது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

எனக்குக் கணக்கை மாற்றியது 2022 டிசம்பர். செய்யாறு பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரில் பெரியப்பா இறந்துவிட்டார். இரவு பதினோரு மணிக்குத் தம்பி அழைத்தான். பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை, கொள்ளி வைக்க வேண்டியவன் நான். "அண்ணா, நீ வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம், எத்தனை மணிக்கு வருவே, சொல்லு" என்றான். பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ் நெருக்கம். மறுநாள் காலை விமானத்தில் ஒரு வழிக்கு 610 வெள்ளி. அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் கேஷ்பேக்காக வந்ததெல்லாம் ஏறக்குறைய அந்த ஒரே டிக்கெட்டில் போனது. அந்த நேரத்தில் பணத்தைப் பற்றி யார் யோசிப்பார்கள், கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபிறகுதான் இதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு உண்மையில் அதிகம் செலவு வைப்பது தீபாவளிப் பயணம் அல்ல, இந்த மாதிரி ராத்திரி வருகிற போன்தான். காசு கொடுத்து வாங்கும் டிக்கெட், புறப்படும் நாள் நெருங்க நெருங்க ஏறும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் திட்டத்தில், மைல் கொடுத்து எடுக்கும் டிக்கெட்டில் சேவர், அட்வான்டேஜ் என்று இரண்டு பழைய வகைகள் உண்டு. இரண்டுக்கும் விலைப் பட்டியல் நிலையானது. ஆறு மாதம் முன்பு எடுத்தாலும் நாளைக்கு எடுத்தாலும் அதே மைல். 2022-இல் எனக்கு அந்த 20,000 மைல் கையில் இருந்து, சேவர் இருக்கையும் கிடைத்திருந்தால், 610-இல் வரியைக் கழித்து 550 வெள்ளி மிஞ்சியிருக்கும். மைலுக்கு இரண்டே முக்கால் காசு. சாதாரண நாளில் அரைக் காசு பெறும் அதே மைல், அவசரத்தில் ஐந்து மடங்குக்கு மேல் பெறுகிறது. கேஷ்பேக்கில் வந்த ஒரு வெள்ளி என்றைக்கும் ஒரு வெள்ளிதான்.

ஆனால் "கிடைத்திருந்தால்" என்று சொன்னேன், அதைக் கவனியுங்கள். சேவர் இருக்கைகள் கொஞ்சம்தான் விடுவார்கள். பல நாட்களில் காத்திருப்புப் பட்டியல்தான். அட்வான்டேஜ் கிடைக்க வாய்ப்பு கூடுதல், மைலும் கணிசமாகக் கூடுதல். 2025 பிப்ரவரியில் அம்மாவுக்கு அவசர அறுவை சிகிச்சை என்று செய்தி வந்தபோது சேவர் இல்லை, அட்வான்டேஜ் இருந்தது. யோசிக்காமல் எடுத்தேன், மறுநாள் மதியம் மருத்துவமனையில் இருந்தேன். என் அனுபவம் இந்த ஒரு முறைதான். பொங்கல் நெருக்கத்திலோ தீபாவளி வாரத்திலோ இப்படி அமையும் என்று என்னால் உறுதி கூற முடியாது. 2025 நவம்பரிலிருந்து ஆக்சஸ் என்று மூன்றாவது வகை ஒன்று வந்திருக்கிறது. அதில் தேவைக்கு ஏற்ப மைல் விலை ஏறி இறங்கும் என்பதால், நான் சொல்கிற நிலையான விலை அதற்குப் பொருந்தாது.

இதில் பலரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. கார்டில் சேரும் மைல் வங்கியிடம் இருக்கிறது. அதை கிரிஸ்ஃபிளையருக்கு மாற்ற ஒவ்வொரு முறையும் 25 வெள்ளிக்குச் சற்று மேல் கட்டணம், 10,000 மைல் கொத்தாகத்தான் மாற்ற முடியும், வந்து சேரச் சில நாட்களும் ஆகலாம். ராத்திரி போன் வந்தபிறகு மாற்ற ஆரம்பித்தால், மைல் வருவதற்குள் ஊரில் காரியமே முடிந்துவிடும். அவசரத்துக்கு வேண்டியது முன்கூட்டியே கிரிஸ்ஃபிளையர் கணக்கில் இருந்தாக வேண்டும். அங்கே போனதும் மூன்று வருடக் கெடு தொடங்கிவிடுகிறது. பிரீமியர்மைல்ஸில் இருக்கும்வரை காலாவதி கிடையாது, ஆனால் உடனே உதவாது.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி எங்கள் வீட்டுக் குதிர்தான். புது நெல்லை மேலே கொட்டுவோம், பழையதைக் கீழே இருக்கும் வாயிலிருந்து எடுப்போம், குதிர் ஒருபோதும் காலியாகாது. கிரிஸ்ஃபிளையரும் பழைய மைலையே முதலில் கழிக்கிறது. கணக்கில் எப்போதும் 40,000 மைல் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். காலாவதி நெருங்குகிற பழையதை வருடாந்திர விடுமுறைக்கு எடுத்துக்கொண்டு, வங்கியில் சேர்ந்த புதியதை மாற்றி நிரப்பிவிடுகிறேன். விடுமுறைக்கு எடுக்கும்போது அரைக் காசுதான் பெறும், தெரியும். அதை நான் காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியம் மாதிரி எடுத்துக்கொள்கிறேன்.

நாமினி விஷயத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள். ஒரு கணக்கில் ஐந்து பேரை நாமினியாகச் சேர்க்கலாம், அவர்களுக்கும் உங்கள் மைலில் டிக்கெட் எடுக்கலாம். மனைவி, பிள்ளைகள், அம்மா என நான்கு பேரைச் சேர்த்திருக்கிறேன். அவசரத்தில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் அடித்துக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்று, பயணம் நின்றுபோனால் ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டு மைலைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். மலிவான பட்ஜெட் டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் வரி மட்டும்தான் மிஞ்சும். ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, போகலாமா பொறுக்கலாமா என்று தவிக்கிற நாட்களில் இந்த வித்தியாசம் பெரியது.

மைலுக்கு எதிரான வலுவான வாதம் மதிப்பு இறக்கம். கிரிஸ்ஃபிளையர் 2019, 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் மைல் விலைப் பட்டியலை உயர்த்தியது. சேர்த்துச் சேர்த்து வைப்பவருக்கு இது நேரடி நஷ்டம். அதனால்தான் 40,000-க்கு மேல் நான் குவிப்பதில்லை. ஆண்டுக் கட்டணத்தையும் கவனிக்க வேண்டும். பிரீமியர்மைல்ஸுக்கு அது 196 வெள்ளி. எனக்கு இரண்டு முறை கேட்டவுடன் தள்ளுபடி கிடைத்தது. கிடைக்காத வருடம் அந்தக் கார்டை வைத்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

இவ்வளவும் சென்னைக்குப் பக்கத்தில் ஊர் இருப்பவருக்கு. புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரைப் பக்கத்து நண்பர்களுக்கு நான் கேஷ்பேக்கையே சொல்கிறேன். திருச்சிக்கு நேரடியாகப் போவது ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போன்றவை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அங்கே போவதில்லை. கிரிஸ்ஃபிளையர் மைலை ஸ்கூட்டுக்கும் பயன்படுத்தலாம்தான், ஆனால் அங்கே மைலுக்கு ஏறத்தாழ ஒரு காசு என்று டிக்கெட் விலையில் கழிப்பார்கள். டிக்கெட் ஏறினால் மைலும் சேர்ந்து ஏறும், நிலையான விலை என்ற ஒரே பலமும் போய்விடும். சென்னையில் இறங்கி, அங்கிருந்து 330 கிலோமீட்டர் காரில் திருச்சி போவதற்குள், திருச்சிக்கே பறந்தவர் வீட்டில் இருப்பார். துக்கத்துக்குப் போகிறவருக்கு அந்த ஆறு மணி நேரம் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு 20,000 மைல் எடுத்தோம். இப்போது கணக்கில் 23,000 நிற்கிறது. வங்கியில் 30,000 சேர்ந்திருக்கிறது, அதில் 20,000-ஐ இந்த வாரமே மாற்றிவிட வேண்டும். அம்மாவுக்கு மறுபடியும் பரிசோதனைத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.